வீட்டுப் பட்டறைக்கு ரோட்டரி டேபிள் நாமளே செய்யறது: பழைய கியர்பாக்ஸ் வார்ம் வீல் போட்டா சரி வருமா?

கோவை_லேத்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. வீட்டுக்குப் பின்னாடி ஷெட்ல ஒரு பழைய நாலரை அடி லேத்தும் ஒரு சின்ன பெஞ்ச் மில்லிங் மெஷினும் வச்சு சாயங்கால நேரத்துல வேலை பாத்துட்டு இருக்கேன், தொழிலா இல்லீங்க, ஆசைக்குத்தான். இப்ப அடுத்ததா ஒரு ரோட்டரி டேபிள் வேணும், அதாவது மில்லிங் மெஷின் மேல ஜாப்ப வச்சு கோணம் பாத்துத் திருப்பற வட்டத் தட்டு. கடைல கிடைக்குது, ஆனா நாமளே செஞ்சாத்தான் அது உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு முழுசா புரியும்னு நினைக்கறேன், அதனால செஞ்சே பாத்துடலாம்னு இருக்கேன்.

எனக்கு வேலை ரெண்டு விதம். ஒண்ணு, ஸ்டீம் இன்ஜின் மாடல் ஒண்ணு பண்ணிட்டிருக்கேன், அதுல கனெக்டிங் ராட் முனையெல்லாம் உருட்டணும், சில இடத்துல வளைஞ்ச ஸ்லாட் ஓட்டணும். இன்னொண்ணு, லேத்துக்கு சேஞ்ச் கியர், அதாவது போடற த்ரெட்டுக்கு ஏத்த மாதிரி மாத்தி மாட்டற கியர், வெட்டணும். என் லேத் லீட் ஸ்க்ரூ (த்ரெட் போடும்போது டூல நகர்த்தறது) இன்ச்சுக்கு 4 த்ரெட், மெட்ரிக் த்ரெட் போடணும்னா 127 பல் வீல் வேணும்னு எல்லாரும் சொல்றாங்க, அது என்கிட்ட இல்ல.

கைல இருக்கற சாமான்: உக்கடம் பழைய இரும்புக்கடைல எடுத்த 40க்கு 1 ரிடக்ஷன் கியர்பாக்ஸ் ஒண்ணு (வார்ம்ங்கற ஸ்க்ரூ 40 சுத்து சுத்துனா அது ஓட்டற வார்ம் வீல் ஒரு சுத்து சுத்தும்), உள்ள வார்ம் வீல் கன்மெட்டல் மாதிரி தெரியுது, நல்லாத்தான் இருக்கு. அப்பறம் 16 மிமீ எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) பிளேட் கொஞ்சம். டேபிள் 150 மிமீ விட்டத்துக்குப் பண்ணலாம்னு ஐடியா. கேள்வி என்னன்னா இந்த 40க்கு 1 வீலையே டேபிளுக்குப் போட்டுடலாமா, இல்ல 90க்கு 1 தனியா செய்யணுமா? பேரிங் எது போடறது, த்ரஸ்ட் பேரிங்கா டேப்பர் ரோலரா? எம்எஸ் போதுமா, வார்ப்பிரும்பு வேணுமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

அம்பத்தூர் டர்னர்:

தம்பி, நல்ல வேலைல இறங்கியிருக்க. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், எல்லாரும் ரோட்டரி டேபிள்னா வார்ம் வீலப் பத்தியே பேசுவாங்க, ஆனா கட்டர் லோடு முழுக்க வாங்கறது மேல் தட்டும் அது உக்கார்ற முகமும்தான், அது ஆடிச்சுன்னா பல்லு எவ்ளோ துல்லியமா இருந்தாலும் ஃபினிஷிங் வராது, கட்டர் உதறும். அதனால யோசனைய அங்கருந்து ஆரம்பி.

பேரிங் விஷயம். நடுவுல 51108 மாதிரி ஒரு த்ரஸ்ட் பேரிங் போட்டு மேல 150 மிமீ தட்டு வச்சா என்ன ஆகும்னு பாரு, பேரிங் வெளி விட்டம் 60 மிமீ, நீ வெட்டறது 70 மிமீ ஆரத்துல, அதாவது தாங்கற இடத்தத் தாண்டி வெளிய நின்னு அமுக்கற, தட்டு லேசா சாயும். கம்பெனி டேபிளப் பிரிச்சுப் பாத்தீன்னா பெரும்பாலும் தட்டோட அடிப்பக்க ஓரம் பாடி மேல நேரா உக்காந்திருக்கும், வார்ப்பிரும்பு மேல வார்ப்பிரும்பு, நடுவுல எண்ணெய், அவ்வளவுதான். நீயும் அதே பண்ணு. ஓரத்துல 20 மிமீ அகலத்துக்கு ஒரு வளையம் மட்டும் தொடற மாதிரி விட்டுட்டு நடுவுல பள்ளமா எடுத்துடு, ப்ளூங்கற நீல மை தடவி சுத்திப் பாத்து எங்க தொடுதோ அங்க ஸ்க்ரேப் பண்ணு. நடு ஸ்பிண்டிலுக்குக் கீழ ஒரு டேப்பர் ரோலர், 32006 போதும், உள் விட்டம் 30, வெளி விட்டம் 55, அத ஒரு மெல்லிசு நட்டு போட்டு இழுத்தா தட்டு பாடியோட ஒட்டி நிக்கும், சைடு ஆட்டமும் போயிடும்.

மெட்டீரியல் வார்ப்பிரும்புதான். எம்எஸ் பிளேட்ல ஒரு பக்கம் சீவினா மறுபக்கம் வளையும், உள்ள இருக்கற ஸ்ட்ரெஸ் வெளிய வரும், அதிலயும் பிரைட் பார் ரொம்ப மோசம். அதோட எம்எஸ் மேல எம்எஸ் தேய்ஞ்சா பிடிச்சுக்கும். புதுசா வார்ப்படம் ஊத்தணும்னு இல்ல, நீ கோயம்புத்தூர்ல இருக்க, அங்க ஃபவுண்டரிக்குப் பஞ்சமில்ல, ஆனா ஒத்தப் பீஸுக்கு பேட்டர்ன் பண்றது வேஸ்ட். பழைய லேத் ஃபேஸ் பிளேட் ஒண்ணு தேடு. அது நல்ல வார்ப்பு, வருஷக்கணக்கா கிடந்து ஸ்ட்ரெஸ் எல்லாம் அடங்கிருக்கும், ஸ்லாட்டும் அதுலயே இருக்கும், டி ஸ்லாட் கட்டர் வாங்கற செலவும் மிச்சம். பாடிக்கு எம்எஸ் போட்டாலும் தொடற முகத்துக்கு மட்டும் வார்ப்பிரும்பு வளையம் ஒண்ணு போட்டுடு.

127 பல்லு வீல் பத்தி. அத விட்டுடு. 1.5 மாட்யூல்ல (பல்லோட அளவு) 127 பல்லுன்னா வெளி விட்டம் 193.5 மிமீ, உன் லேத் பேன்ஜோல (சேஞ்ச் கியர் மாட்டற கை) அது உக்காரவே இடம் இருக்காது. அதுக்குப் பதிலா 63 பல்லு வெட்டிக்க. 127க்கு 100 பண்ற வேலைய 80க்கு 63 பண்ணும், 80ஐ 63ஆல வகுத்தா 1.26984, வேண்டியது 1.27, வித்தியாசம் நூறு மிமீ நீளத்துக்கு 0.0125 மிமீதான். போல்டு நட்டுக்கெல்லாம் இது ஒண்ணுமே இல்ல.

ஸ்டெப்பர்_64:

ப்ரோ நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன். ஹேண்டில், டிவைடிங் பிளேட் (எண்ணி நிறுத்தறதுக்கு ஓட்டை போட்ட தட்டு) எல்லாம் எதுக்கு? நீமா 23 சைஸ் ஸ்டெப்பர் (ஸ்டெப் ஸ்டெப்பா சுத்தற மோட்டார்) ஒண்ணு, டிரைவர் ஒண்ணு, ஆர்டுயினோ கன்ட்ரோல் போர்டு ஒண்ணு, கீபேட்ல எத்தன பல்லுன்னு அடிச்சா அதுவே சுத்தி நிக்கும். 90க்கு 1 வச்சுக்கோங்க, மோட்டார் ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப், ஒவ்வொரு ஸ்டெப்பையும் 8 மைக்ரோஸ்டெப்பா பிரிச்சா 1600, 90ஆல பெருக்குனா டேபிள் ஒரு சுத்துக்கு 1,44,000 ஸ்டெப், ஒரு ஸ்டெப்புக்கு 9 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரில 60ல ஒண்ணு மினிட், அதுல 60ல ஒண்ணு செகண்ட்). 63 என்ன, 127 பல்லே அடிக்கலாம், பிளேட்ல ஓட்டை எண்ண வேண்டியதே இல்ல.

ஒரே ஒரு விஷயம் புரோகிராம்ல கவனிக்கணும். 37 பல்லுக்கு ஒரு பல்லுக்கு 3891.89 ஸ்டெப் வரும், அத 3892ன்னு ரவுண்ட் பண்ணி ஒவ்வொரு தடவையும் கூட்டிட்டே போனா கடைசில 1,44,004 வந்து நிக்கும், 4 ஸ்டெப் அதிகம், 36 செகண்ட் தப்பு முழுக்க கடைசிப் பல்லு மேல விழும். அதனால ஒவ்வொரு பல்லுக்கும் ஆரம்பத்துலருந்து கணக்குப் போட்டு அப்பறம் ரவுண்ட் பண்ணுங்க, அப்ப எந்தப் பல்லுலயும் அரை ஸ்டெப்புக்கு மேல தப்பு வராது.

இன்னொரு வசதி, வார்ம் வீல் 90க்குப் பதிலா 91ஆ வந்துட்டாக்கூட புரோகிராம்ல அந்த நம்பர மாத்துனா முடிஞ்சுது.

விண்மீன்_கண்ணாடி:

நான் டெலஸ்கோப் மவுண்ட் செய்யறவன், வார்ம் வீல்லதான் எங்க உயிரே இருக்கு, அதனால அந்தப் பாகத்தப் பத்தி மட்டும் சொல்றேன். ஹாப் (கியர் பல்லு வெட்டற தனி கட்டர்) வாங்காமலே டேப் (ஓட்டைக்குள்ள த்ரெட் போடற டூல்) வச்சு வார்ம் வீல் வெட்ட முடியும், நல்லாவே வரும், ஆனா கணக்கு தெரிஞ்சு செய்யணும்.

எம்24 டேப் எடுத்துக்கங்க, பிட்ச் 3 மிமீ. 90 பல்லுன்னா பிட்ச் விட்டம் 90 பெருக்கல் 3 வகுத்தல் பை, 85.94 மிமீ. பல்லோட உயரத்தையும் சேத்தா வெளி விட்டம் கிட்டத்தட்ட 87.8 வரும். இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. மழமழன்னு இருக்கற பிளாங்க்ல (பல்லு வெட்டாத வட்டத் துண்டு) டேப்ப நேரா அமுக்கினா அது முதல்ல தொடறது வெளி விட்டத்த, அந்தச் சுத்தளவு 275.8 மிமீ, 3ஆல வகுத்தா 91.9. அதனால டேப் 92 பல்லா வெட்ட ஆரம்பிக்கும், உள்ள போகப் போக 90க்குத்தான் இடம் இருக்கும், பல்லு மேல பல்லு ஏறி எல்லாம் கலைஞ்சு போகும். அதனால முதல்லயே 90 இடத்துல கீறல் போட்டுடணும், ஆழம் பல்லு உயரத்துல மூணுல ரெண்டு பங்கு, 60 டிகிரி ஃப்ளை கட்டர் (ஒத்தப் பல்லு கட்டர்) வச்சு. கீறல் நேரா இருக்கக் கூடாது, த்ரெட்டோட சாய்வுக்கு ஏத்த மாதிரி 2.5 டிகிரி சாய்ச்சு வெட்டணும், எம்24க்கு லீட் ஆங்கிள் 2.48 வருது.

அப்பறம் லேத்துல டேப்போட ஒரு முனைய சக்குல பிடிச்சு மறு முனைக்கு டெயில் ஸ்டாக் சென்டர் குடுத்து, பிளாங்க்க கிராஸ் ஸ்லைடு மேல ஒரு செங்குத்துப் பின்னுல தானா சுத்தற மாதிரி மாட்டணும், உயரம் சரியா டேப்போட நடுவுக்கு. மெதுவான ஸ்பீடு, எண்ணெய் நிறைய. கீறல்ல டேப் பல்லு மாட்டி வீலத் தானே இழுத்துட்டுப் போகும், ஒவ்வொரு முழுச் சுத்துக்கும் கொஞ்சமா உள்ள குடுங்க. பல தடவ சுத்தும்போது கீறல்ல இருந்த சின்னச் சின்ன தப்பெல்லாம் ஓரளவு சமமாயிடும். ஸ்பைரல் டேப் வேணாம், கை டேப் செட்டுல மூணாவதா வர்ற பாட்டமிங் டேப்தான் சரி, அதுல முழு த்ரெட்டு நீளமா இருக்கும். வீலுக்கு பாஸ்பர் பிரான்ஸ் போடுங்க. வார்ம் வேற ஒண்ணுமில்ல, இஎன்8 ஸ்டீல் ராடுல லேத்துல போட்ட எம்24 த்ரெட்டுதான்.

ஏன் 24, சின்ன டேப் போதாதான்னு கேப்பீங்க. எம்16லயும் 90 பல்லு வெட்டலாம், ஆனா வீல் 57 மிமீதான் வரும். பல்லுல 0.02 மிமீ தப்பு இருந்தா அந்த வீல்ல 2.4 மினிட், 86 மிமீ வீல்ல 1.6 மினிட். தப்பு அதேதான், வீல் பெருசானா கோணம் குறையுது. எவ்ளோ பெருசு உள்ள அடங்குமோ அவ்ளோ பெருசு போடுங்க.

ஸ்டெப்பர் நண்பர் சொன்னதுல ஒண்ணு மட்டும் எனக்கு ஒப்பில்ல. 91 பல்லும் சமமா இருந்தா புரோகிராம் சரி பண்ணும், ஆனா எண்ணிக்கை தப்பிப் போன வீல்ல பல்லு சமமா இருக்கறது அபூர்வம். ஒரு இடத்துல ஒல்லி, ஒரு இடத்துல தடிமன்னு இருக்கும். அத எந்த மோட்டாரும் சரி பண்ணாது.

கோவை_லேத்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு விவரமா எதிர்பாக்கல. 63 பல்லு விஷயம் பெரிய உதவிங்கண்ணா. டேப் முறையும் புரிஞ்சுது, ஆனா ஒரு இடத்துல சுத்திச் சுத்தி அங்கயே வந்து நிக்குது, 90 கீறல் போடணும்னா அதுக்கே டிவைடிங் ஹெட் (வட்டத்த சமமா பிரிச்சுத் திருப்பற சாதனம்) வேணுமே? அது இல்லாமத்தான இத செய்யறேன். சேஞ்ச் கியர் செட்டுல 90 பல்லு இல்லீங்க, 60 இருக்கு, 45 இருக்கு. பேப்பர்ல டிகிரி பிரிண்ட் எடுத்து ஒட்டிப் பண்ணலாமா? அப்ப அந்த 40க்கு 1 கியர்பாக்ஸ் எதுக்குமே ஆகாதா?

அம்பத்தூர் டர்னர்:

தம்பி, அந்த கியர்பாக்ஸ்தான் உன் டிவைடிங் ஹெட். அத டேபிளுக்குள்ள போடாத, டேபிள் செய்யறதுக்கு வச்சுக்க.

முதல்ல மூடியத் தெறந்து வீல் பல்ல எண்ணு, வார்ம் முனையப் பாரு, த்ரெட்டு ஒண்ணா ரெண்டான்னு. 40 பல்லுக்கு ஒத்த ஸ்டார்ட்டும் இருக்கலாம், 80க்கு ரெட்ட ஸ்டார்ட்டும் இருக்கலாம், எப்படி இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான், ஒத்த ஸ்டார்ட்னா இறுக்கமா நிக்கும். பல்லு ஒரு பக்கம் மட்டும் கத்தி மாதிரி தேஞ்சிருந்தா வேற தேடு.

90 கீறலுக்கு 40ஐ 90ஆல வகு, ஒன்பதுல நாலு. அதாவது வார்ம் ஷாஃப்ட்ட ஒரு கீறலுக்கு ஒன்பதுல நாலு சுத்து சுத்தணும், ஒன்பது ஓட்டை போட்ட ஒரு தட்டு இருந்தா போதும், நாலு ஓட்டை தள்ளி பின்னப் போட்டுட்டே வா. அந்தத் தட்ட உன் மில்லிங் மெஷின்ல எக்ஸ் ஒய் கணக்குப் போட்டு டயல் பாத்தே போட்டுடலாம், 100 மிமீ பிசிடி (ஓட்டைகளோட நடு வழியா போற வட்டத்தோட விட்டம்) வச்சுக்க. இதுல அழகு என்னன்னா ஓட்டை 0.2 மிமீ தள்ளிப் போனாலும், 50 மிமீ ஆரத்துல அது 0.23 டிகிரி, வார்ம் அத 40ஆல குறைச்சிடும், மிச்சம் இருக்கறது ஒரு 20 செகண்ட் தப்பு. உன் 86 மிமீ வீல் மேல அது 4 மைக்ரான். பேப்பர் ஒட்டி இந்த அளவு கிடைக்கவே கிடைக்காது. ஒரே திசைல மட்டும் சுத்து, தாண்டிப் போயிட்டா அரைச் சுத்து பின்னால வந்து மறுபடி அதே திசைல வா, பேக்லாஷ் (பல்லுக்கு நடுவுல இருக்கற ஆட்டம்) கணக்குல வராது.

அதே மாதிரி பின்னாடி 63 பல்லு வெட்டறதுக்கு உன் புது 90க்கு 1 டேபிள்ல 21 ஓட்டைத் தட்டு போட்டா சரி, ஒரு முழுச் சுத்தும் 9 ஓட்டையும். இதே 63ஐ 40க்கு 1ல பண்ணணும்னா 63 ஓட்டை வட்டம் வேணும், பிரவுன் அண்ட் ஷார்ப் கம்பெனி டிவைடிங் பிளேட் மூணுலயும் அது இல்ல. உனக்கு 90 பொருத்தம்னு நான் சொல்றது இதனாலயும்தான், அதோட ஹேண்டில் ஒரு சுத்துக்கு 4 டிகிரின்னு கணக்கும் சுலபம். டயல்ல 120 கோடு போட்டா ஒரு கோட்டுக்கு 2 மினிட்.

வார்ம எக்சென்ட்ரிக் புஷ்ல (ஓட்டை நடுவுல இல்லாம தள்ளி இருக்கற புஷ்) மாட்டு, புஷ்ஷத் திருப்புனா வார்ம் வீல்ட்ட கிட்டப் போகணும், விலகணும். ஆட்டம் எடுக்கறதுக்கும் அதுதான், மொத்தமா விலக்கிட்டு தட்டக் கையால சுத்தி ஜாப் சென்டர் பாக்கறதுக்கும் அதுதான். வார்ம் முன்ன பின்ன நகர்ற ஆட்டமும் பேக்லாஷ்தான், அத நிறைய பேர் மறந்துடுவாங்க, ரெண்டு பக்கமும் சின்ன ஆங்குலர் காண்டாக்ட் பேரிங் போட்டு நட்டால இறுக்கிடு.

கடைசியா மேல் தட்டு. எல்லாத்தையும் மாட்டி முடிச்சப்பறம், மில்லிங் மெஷின் மேல போல்டு பண்ணி, கட்டர இறக்கி வச்சுட்டு டேபிள அதோட ஹேண்டிலாலயே சுத்தி மேல் முகத்த சீவு. அப்ப தட்டு அதோட அச்சுக்கே நேராயிடும். நடு ஓட்டையும் அதே மாதிரி, டூல நிறுத்தி வச்சுட்டு டேபிளச் சுத்தி போர் பண்ணு, எம்டி2 (மோர்ஸ் டேப்பர் 2) போடறதா இருந்தாலும் கடைசி அளவ இப்படித்தான் எடுக்கணும். லேத்துல முடிச்சுக் கொண்டு வந்து மாட்டுனா அந்தச் சுத்தம் வராது.

விண்மீன்_கண்ணாடி:

கியர்பாக்ஸ டிவைடிங் ஹெட்டா வச்சுக்கற யோசனை அருமைங்க ஐயா. ஒரு சின்ன சேர்க்கை: மாட்டி முடிச்சதும் வார்மையும் வீலையும் ரன்னிங் இன் பண்ணுவோம்னு வால்வு கிரைண்டிங் பேஸ்ட் போட்டுடாதீங்க. அந்தத் துகள் பிரான்ஸ்ல பதிஞ்சு நின்னுக்கிட்டு வார்ம அரைச்சுக்கிட்டே இருக்கும், கழுவினாலும் போகாது. மெட்டல் பாலிஷ் போதும், அது அரைய அரைய தானே நைஸாயிடும், அப்பறம் மண்ணெண்ணெய்ல கழுவிட்டு எண்ணெய் போடுங்க.

கோவை_லேத்:

கியர்பாக்ஸ் மூடியத் தெறந்து பாத்துட்டேங்கண்ணா, 40 பல்லு, ஒத்த ஸ்டார்ட், தேய்மானம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கு. எம்24 டேப் செட் சொல்லிட்டேன். பழைய ஃபேஸ் பிளேட் கணபதி பக்கம் ஒரு பட்டறைல இருக்குன்னாங்க, நாளைக்குப் போய்ப் பாக்கறேன். வார்ம் ஷாஃப்ட்ட கொஞ்சம் நீளமா விட்டுடறேன், பின்னாடி மோட்டார் மாட்டிக்கலாம், முதல்ல ஹேண்டில்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருக்கு. பல்லு வெட்டும்போது லாக் போட்டு வெட்டுவேன், சரி. கனெக்டிங் ராட் முனை உருட்டும்போது டேபிள் சுத்திட்டே இருக்கணுமே, அப்ப லாக் போட முடியாது, கட்டர் ஜாப்ப இழுத்துட்டுப் போயிடாதா?

அம்பத்தூர் டர்னர்:

இழுக்கும், திசை தப்பா இருந்தா. வார்ம் தானா பின்னால சுத்தாது, 2.5 டிகிரி சாய்வுக்கு அது பூட்டுன மாதிரி நிக்கும், ஆனா பேக்லாஷ் எவ்ளோ இருக்கோ அவ்ளோ தூரம் தட்டு குதிக்கும், அந்தக் குதிப்புலதான் எண்ட் மில் உடையும். ஸ்பிண்டில் மேலருந்து பாத்தா கடிகாரச் சுத்துல சுத்துதுன்னா, ஜாப்போட வெளிப்புறத்த உருட்டும்போது டேபிளும் கடிகாரச் சுத்துல போகணும், அப்பதான் கட்டர் பல்லும் ஜாப்பும் எதிரெதிரா வரும். உள்பக்க வளைவு எடுக்கும்போது டேபிள் எதிர்ச்சுத்து.

லாக் போல்ட்ட அப்பவும் சும்மா விடாத. ஹேண்டில் கொஞ்சம் கனமா சுத்தற அளவுக்கு லேசா இறுக்கி வச்சுக்க, அந்த உரசல்ல பேக்லாஷ் எப்பவும் ஒரே பக்கமா ஒட்டியே இருக்கும். அதனால லாக்க நடு ஸ்பிண்டில்ல வைக்காம தட்டு ஓரத்துல எதிரெதிரா ரெண்டு இடத்துல கவ்வற மாதிரி பண்ணு, போல்டு முனைல ஒரு பித்தளத் துண்டு வச்சுடு, தட்டுல தழும்பு விழாது. ஃபேஸ் பிளேட் பாக்கப் போகும்போது ஓரத் தடிமன் அளந்துக்க, கவ்வறதுக்கு ஒரு பள்ளம் எடுக்கணும், சீவறதுக்கும் ரெண்டு மிமீ போகும், 20க்குக் குறைவா இருந்தா வேற பாரு.